ஆஸ்பத்திரி எங்கே?

நர்ஸ் உத்தியோகத்தைப் பற்றி யாராவது மேடையேறி, "இது தொழில் அல்ல, தொண்டு!" என்று குரல் தழுதழுக்கப் பேச ஆரம்பித்தால் எனக்கு உடனே ஒரு சந்தேகம் தட்டும். இந்த மனிதர் எங்கேயோ நாலு பேருக்குச் சம்பள பாக்கி வைத்திருக்கிறார் என்று தோன்றும். வக்கீலைப் பார்த்து யாரும் இப்படிச் சொல்வதில்லை. என்ஜினீயரைப் பார்த்துச் சொல்வதில்லை. டாக்டரைத் தெய்வம் என்கிறோம். ஆனால் தெய்வத்துக்கு உண்டியல் உண்டு. நர்ஸைத் தேவதை என்கிறோம். தேவதைக்கு வயிறு கிடையாது, வீட்டு வாடகை கிடையாது, இராத்திரி இரண்டு மணிக்குக் கால் கடுப்பதும் கிடையாது. எவ்வளவு சௌகரியமான பட்டம், பார்த்தீர்களா?

இந்தத் தேவதையை வளர்த்ததில் கதைக்காரர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. வெள்ளை உடையில் வருவாள். கதாநாயகன் நெற்றியில் கையை வைப்பாள். கடைசி அத்தியாயத்தில் அவனை இன்னொருத்திக்கு விட்டுக் கொடுத்துவிட்டு நீண்ட தாழ்வாரத்தில் மெல்ல நடந்து மறைவாள். கதாநாயகன் எந்தக் கல்லூரியில் எம்.ஏ. படித்தான், எந்தப் பரிட்சையில் தங்கப் பதக்கம் வாங்கினான் என்றெல்லாம் விஸ்தாரமாக எழுதுகிற ஆசிரியர், அவள் எங்கே தொழில் கற்றுக்கொண்டாள் என்று ஒரு வரி எழுதமாட்டார். தேவதைகள் பிறக்கும்போதே ஊசி போடத் தெரிந்துகொண்டு பிறக்கிறார்கள் என்பது அவருடைய எண்ணம் போலிருக்கிறது.

இதைப் படித்து வளர்ந்த நாமும் அப்படித்தான் இருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும், "நம்ம பெண்ணை நர்ஸிங்கில் சேர்க்கலாமா?" என்று எத்தனையோ வீடுகளில் யோசிக்கிறார்கள். கட்டடத்தைப் பார்க்கிறார்கள். ஹாஸ்டலைப் பார்க்கிறார்கள். பஸ் வீட்டு வாசலுக்கு வருமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரி எங்கே?

மே மாதம் 12-ந் தேதி நர்ஸ்கள் தினம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820-ல் பிறந்த நாள். அதை ஒட்டி, கல்லூரிகளில் மாணவிகள் வரிசையாக நின்று கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு ஒரு வார்டு வேண்டும் அல்லவா? கிரிமிய யுத்தத்தில் பெயர் வாங்கிய அந்த அம்மாளுக்கு, ஊர் கூடிப் பணம் திரட்டிக் கொடுத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1860-ல் நர்ஸ்களுக்கு அவர் பள்ளிக்கூடம் ஏற்படுத்தியது எங்கே? லண்டனில், செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரிக்குள்ளே. ஊருக்கு வெளியே மலிவாக ஐந்து ஏக்கர் வாங்கி வளைவு கட்டி, பக்கத்தில் ஏதாவது ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பிற்பாடு விசாரித்தார் என்று எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

நம்முடைய ஊர்ச் சரித்திரமும் இதையேதான் சொல்லுகிறது. சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் 1871-லேயே நர்ஸ்களுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-ல் அங்கே பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி கட்டினார். 1909-ல் நர்ஸ் பள்ளி வந்தது. பெண்களை டாக்டருக்குப் படிக்க வைக்கும் பள்ளி 1918-ல்தான் வந்தது. இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். முதலில் நோயாளி, அப்புறம் நர்ஸ், அதற்கும் அப்புறம் டாக்டர். 1946-ல் அதே வேலூரிலும் டில்லியிலும் நர்ஸிங்குக்குப் பட்டப் படிப்பே ஏற்பட்டது. அப்போதும் பட்டத்தைக் கொடுத்தது கல்லூரி என்றாலும் தொழிலைக் கொடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

இப்போது வரிசை தலைகீழாகியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தகப்பனார் இருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். நல்ல மனிதர், ஐம்பது ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கினால் ஒவ்வொரு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர். அவர் ஒரு நாள் என் மேஜைமேல் வழவழப்பான நாலு புத்தகங்களைப் பரப்பி வைத்து, "நீங்க நாலு விஷயம் தெரிஞ்சவர். இதில எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்னு சொல்லுங்க சார்" என்றார். புரட்டினேன். பளிங்குப் படிக்கட்டு, மஞ்சள் பஸ், கம்ப்யூட்டர் அறை, சாப்பாட்டுக் கூடம். ஒரு படத்தில் கட்டிலில் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று மல்லாந்து படுத்திருக்க, சுற்றிலும் மாணவிகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நாலு புத்தகத்திலும் நோயாளி என்று சொல்லக்கூடியது அந்தப் பொம்மை ஒன்றுதான்.

"நோயாளிகள் எங்கே சார்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் டை-அப் இருக்காம் சார்" என்றார், மிகவும் திருப்தியோடு.

இந்த 'டை-அப்'பை ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று அவரோடு நானும் கிளம்பினேன். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஒரு நெடுஞ்சாலை ஓரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் காபி கொடுத்தார்கள். மேலாளர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். சொந்த ஆஸ்பத்திரி டவுனில் இருக்கிறது, நூறு கட்டில் என்றார். டவுனுக்குப் போனோம். பலகையில் நூறு கட்டில்தான். உள்ளே நான் எண்ணிப் பார்த்த மட்டில் பன்னிரண்டு கட்டில்களில்தான் ஆள் இருந்தது. அந்தப் பன்னிரண்டில் ஒருவர் வாட்ச்மேனின் மைத்துனர். மத்தியானத் தூக்கத்துக்காக வந்து படுத்திருந்தார்.

நர்ஸிங் கவுன்சில் வகுத்த விதிகள் ஒன்றும் மோசமானவை அல்ல. கல்லூரிக்கு நூறு கட்டில் கொண்ட தாய் ஆஸ்பத்திரி வேண்டும். பயிற்சியில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கு வேண்டும். பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். எழுதினவர்கள் விஷயம் தெரிந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் வருஷத்துக்கு அறுபது பேர் என்றால் நாலு வருஷத்துக்கு இருநூற்று நாற்பது மாணவிகள். ஒரே நேரத்தில் எல்லாரும் வார்டில் நிற்க மாட்டார்கள், வாஸ்தவந்தான். பாதிப் பேர் நின்றாலும், மைத்துனரையும் சேர்த்து ஒரு நோயாளிக்குப் பத்து மாணவிகள்! பத்துப் பேரும் வரிசையாக வந்து பட்டையைச் சுற்றி அழுத்தினால் இல்லாத இரத்த அழுத்தமும் அந்த மனிதருக்கு வந்துவிடாதா? ஆய்வாளர்கள் வருகிற அன்று மட்டும் கட்டில்கள் நிரம்பிவிடும் கல்லூரிகள் உண்டு என்று படித்து முடித்த பெண்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி நிரப்புகிறவர்களைக் கெட்டிக்காரர்கள் என்று மெச்சிக்கொள்கிற ஊர் இது.

கல்லூரிக்காரர் ஏமாற்றுகிறார், தகப்பனார் ஏமாறுகிறார், பணம் போகிறது என்பதோடு விஷயம் முடிந்தால் நான் இவ்வளவு கோபப்படமாட்டேன்.

உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண். வேறொரு கல்லூரியில் கடைசி வருஷம். சூட்டிகையான பெண். கையில் தடிமனான நோட்டு ஒன்று வைத்துக்கொண்டு விடிய விடிய எழுதிக்கொண்டிருந்தாள். பார்த்த பிரசவங்களை எல்லாம் பதிவு செய்கிற நோட்டு அது. தாயின் வயது, வலி தொடங்கிய நேரம், குழந்தையின் எடை என்று கட்டங்கள்.

"எத்தனை பிரசவம் பார்த்தாய் அம்மா?" என்று கேட்டேன்.

"பார்த்தது மூணு மாமா. அதுவும் சுவரோரமா நின்னு பார்த்தது."

"நோட்டு நிறைந்திருக்கிறதே!"

"சீனியர் அக்கா புக்கைப் பார்த்து எழுதறோம். பேரை மாத்திடுவோம். குழந்தை வெயிட்டை அம்பது கிராம், நூறு கிராம் கூட்டிக் குறைச்சுப் போட்டுடுவோம். எல்லாரும் அப்படித்தான் மாமா."

நேயர்களே, நான் கற்பனைப் பிரசவங்களை எழுதிப் பிழைக்கிறவன். என் கதையில் தாய்க்கு இரத்தப் போக்கு ஏற்பட்டால் அடுத்த பாராவில் அதை நிறுத்திவிட எனக்கு அதிகாரம் உண்டு. வேண்டுமானால் மூன்று வாரம் 'தொடரும்' போட்டு இழுக்கவும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. குழந்தை பிறந்து நஞ்சும் விழுந்த பின், கர்ப்பப்பை இறுகாமல் துவண்டு கிடந்தால் இரத்தம் கொட்டும். அடி வயிற்றின் மேல் கையை வைத்தால் அது கல்லுப் போல இறுகியிருக்கிறதா, பிசைந்த மாவு போல இருக்கிறதா என்று அந்தக் கைக்குத் தெரிய வேண்டும். மாவு போல இருந்தால் உடனே தேய்த்து இறுகச் செய்ய வேண்டும். ஊசி மருந்துக்குச் சொல்ல வேண்டும். டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதெல்லாம் நிமிஷக் கணக்கு. புத்தகத்தில் இது அரைப் பக்கம். ஆனால் அரைப் பக்கம் படித்த கைக்கும், ஐம்பது வயிறு தொட்ட கைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தாய் வீட்டுக்குத் திரும்புவதற்கும் திரும்பாததற்கும் உள்ள வித்தியாசம். அந்த நோட்டில் கையெழுத்துப் போட்ட ஆசிரியைக்கு இது தெரியாதா? தெரியும். போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

பெண்ணைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவள் பார்க்கத்தான் ஆசைப்பட்டாள். பிரசவ வார்டில் நாலு கல்லூரிப் பெண்கள் ஒரே நேரத்தில் முண்டியடித்தால், வலியில் துடிக்கிற தாயின் பக்கத்தில் எத்தனை பேரை விடுவார்கள்? மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதலிடம். அந்த ஆஸ்பத்திரியின் சொந்த மாணவிகளுக்கு இரண்டாம் இடம். பஸ்ஸில் வந்து இறங்கினவர்களுக்குச் சுவர்.

சரி, குற்றமெல்லாம் கல்லூரிக்காரர்கள் தலையில்தானா? இதைப் படித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களையும் தகப்பன்மார்களையும் நான் சும்மா விடுவதாக இல்லை. நம் வீடுகளில் இந்தப் படிப்புக்கு என்ன மரியாதை? "டாக்டர் சீட் கிடைத்தால் டாக்டர், கிடைக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அந்தப் 'பார்த்துக்கொள்ளலா'மில்தான் நர்ஸிங் இருக்கிறது. கல்யாணப் பேச்சு வந்தால், "நைட் டியூட்டி உண்டாமே?" என்று முகத்தைச் சுளிக்கிறாள் மாமியாராக வரப்போகிறவள். அதே அம்மாள் இடுப்பு எலும்பு முறிந்து படுத்தால் நடுநிசியில் "சிஸ்டர், சிஸ்டர்!" என்று கூப்பிடுவது யாரை? நைட் டியூட்டிக்கு வந்த யார் வீட்டுப் பெண்ணையோதானே? மரியாதையில்லாத படிப்புக்கு எந்தக் கல்லூரியானால் என்ன என்ற அலட்சியம் நம்மிடம் இருக்கிற வரையில் நெடுஞ்சாலையில் வளைவுகள் எழும்பிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு கூட்டம் விசாவை மனத்தில் வைத்துக்கொண்டு சேர்க்கிறது. அதில் தப்பில்லை. நாலு காசு சம்பாதித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் ஆயிரம் ஆயிரம் பேர். ஆனால் வெளிநாட்டான் நம்மைப் போல் நோட்டைப் பார்த்து ஏமாறுகிறவன் அல்ல. பிரிட்டனில் வேலை பார்க்க வேண்டுமானால், கேள்வித்தாள் பரிட்சையோடு, எதிரே ஒருவர் நின்று பார்க்கக் கையால் செய்து காட்டுகிற பரிட்சையும் உண்டு. அங்கே சீனியர் அக்கா நோட்டு உதவாது.

பட்டம் என்ற மோகம் இருக்கிறதே, அது இன்னும் வேடிக்கை. அரசாங்க ஆஸ்பத்திரிப் பள்ளியில் மூன்று வருஷ டிப்ளமா கிடைக்கிறது. உதவித் தொகை உண்டு. வார்டில் காலை வைத்தால் கட்டிலுக்குக் கட்டில் ஆள், தரையிலும் ஆள். அதை உதறிவிட்டு, "டிகிரி இல்லையே" என்று, லட்சக் கணக்கில் கடன் வாங்கிக் காலிக் கட்டில் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்க்கிறார்கள். டிப்ளமா முடித்தவர்கள் பிற்பாடு இரண்டு வருஷம் படித்துப் பட்டம் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. காலிக் கட்டிலில் கற்காததைப் பிற்பாடு எங்கே வாங்குவது? நல்ல ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பட்டப் படிப்பே கிடைத்தால் அதைவிட மேல், மறுக்கவில்லை. அரசுக் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டிலும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் கொடுக்கிறார்கள். முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

சேர்ந்துவிட்டால் மட்டும் முடிந்ததா? தமிழில் பன்னிரண்டு வகுப்பும் படித்த பெண், முதல் வருஷத்தில் உடற்கூறு, உடலியல் எல்லாவற்றையும் இங்கிலீஷில் விழுங்க வேண்டும். வகுப்பில் முதலாவதாக நின்றவள் முதல் பரிட்சையிலேயே தவறிப் போய், வீட்டுக்கு எழுத வெட்கப்பட்டு, ஹாஸ்டல் மொட்டை மாடியில் அழுகிறாள். அவளுக்கு மூளை இல்லையா? தொடை எலும்பு என்றால் அவளுக்குத் தெரியும். 'பீமர்' என்றால் தெரியவில்லை. அவ்வளவுதான். இந்த இடத்தில்தான் நல்ல பள்ளியும் கெட்ட பள்ளியும் பிரிகின்றன. நல்ல பள்ளியில் ஓர் ஆசிரியை சாயங்காலம் அவளை உட்கார வைத்து, தமிழில் சொல்லி, இங்கிலீஷில் எழுத வைக்கிறாள். கெட்ட பள்ளியிலிருந்து வீட்டுக்கு அபராத நோட்டீஸ் வருகிறது. அப்புறம் இரண்டாம் வருஷத்திலோ எப்போதோ, காலையில் கஞ்சி ஊட்டிய கிழவர் மத்தியானம் கண்ணெதிரே இறந்து போகிறார். உடலைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். அன்றைக்கு அவள் தோளைத் தொட ஒரு மூத்த நர்ஸ் அந்த வார்டில் இருக்கிறாளா, இல்லையா? அச்சடித்த புத்தகத்தில் இது இராது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நடுவில் தாங்க முடியாமல் விலகுகிறவர்கள் கதை வேறு. "நாலு வருஷப் பணத்தையும் கட்டிவிட்டு சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போ" என்கிறார்கள். சான்றிதழ் என்ன அடகுக் கடை நகையா? அதைப் பிடித்து வைக்க எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறது. சேருகிற அன்றே இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

அப்புறம், சம்பளம். தேவதைக்கு நாம் என்ன கொடுத்தோம்? 2015-ல் தேர்வு எழுதித் தேறித் தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த ஆயிரக் கணக்கான நர்ஸ்களுக்கு ஒப்பந்தச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் தெருவில் வந்து உட்கார்ந்தபோது, "தொண்டு செய்கிறவர்கள் சம்பளம் கேட்கலாமா?" என்று உபதேசம் செய்தவர்களை நான் பார்த்தேன். பிற்பாடு தொகை கொஞ்சம் உயர்ந்தது, உட்கார்ந்ததால்தான் உயர்ந்தது. தனியார் விஷயத்தில் 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லி, மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது கட்டிலுக்குக் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இருநூறு கட்டிலுக்கு மேற்பட்டால் அரசாங்கச் சம்பளத்துக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று குழு எழுதி வைத்தது. உங்கள் ஊர்த் தனியார் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தடவை காய்ச்சலுக்குப் போகும்போது, ஊசி போடுகிற பெண்ணிடம் மெல்ல விசாரித்துப் பாருங்கள். குழுவின் காகிதம் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததா என்று அவள் சொல்லுவாள்.

கைத் தொழிலின் மதிப்புக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1965-ல் அமெரிக்காவில், கொலராடோ சர்வகலாசாலையில், லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை டாக்டரும் சேர்ந்து 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று ஒரு படிப்பை ஏற்படுத்தினார்கள். நர்ஸே நோயாளியைப் பரிசோதித்து முடிவு செய்கிற அளவுக்குப் பயிற்சி. நம் நாட்டிலும் இப்போது தீவிர சிகிச்சைக்கென்று அப்படி ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இரண்டு வருஷமும் பெரும்பாலும் வார்டிலேயே. பட்டம் வாங்கின கையோடு சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வருஷமாவது நோயாளியருகே வேலை பார்த்துவிட்டு வா என்கிறார்கள். மேலே போகிற ஏணியும் கட்டிலில்தான் சாய்ந்திருக்கிறது.

1947-ன் பழைய நர்ஸிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் பார்லிமெண்டு புதிய சட்டம் கொண்டுவந்துவிட்டது. சட்டம் வரட்டும், நல்லதுதான். ஆனால் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற புத்தி பெண்ணின் படிப்பில் நமக்கு வருவதற்குச் சட்டம் எதற்கு?

ஆகையால் சேர்க்கப் போகிறவர்கள் கல்லூரிக்குப் போகாதீர்கள். முதலில் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று மாநில நர்ஸ்கள் கவுன்சிலின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, அவர்கள் பயிற்சி நடக்கிறது என்று சொல்லுகிற ஆஸ்பத்திரிக்கு ஒரு சாதாரண நாளில், காலை ஏழரை மணிக்குப் போங்கள். இராத்திரி நர்ஸ் பகல் நர்ஸிடம் நோயாளிகளை ஒப்படைக்கிற வேளை அது. அங்கே மாணவிகள் யாராவது நின்றால், ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்றைக்கு நீ யாரைப் பார்த்துக்கொள்கிறாய் அம்மா?" என்று கேளுங்கள். "ஏழாம் நம்பர் பாட்டி, சர்க்கரை வியாதி, கால் புண், ராத்திரி காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தது, இப்போ இறங்கியிருக்கு" என்று அவள் சொன்னால் அந்தக் கல்லூரியில் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். பதில் சொல்லாமல் ஆசிரியை முகத்தைப் பார்த்து விழித்தாளானால், வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுங்கள். விண்ணப்பக் கட்டணம் போனால் போகிறது.